குறைந்த செலவில் லாஸ் வேகஸ் பிறந்தநாள்: கேள்வி பதில்

லாஸ் வேகஸில் குடியிருக்கிறேன். கேசினோவில் டீலராக, அதாவது மேசையில் ஆட்டம் நடத்துபவராக, வேலை பார்த்தவன். நண்பர்களோடு சிக்கனமாகப் பிறந்தநாள் கொண்டாட இங்கே வருகிறவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவையும் என் பதில்களும் கீழே.

அண்ணா, நாங்க ஆறு பேர். விமான டிக்கெட் போக தலைக்கு 400 டாலர். மூணு ராத்திரி தாங்குமா?

தாங்கும், கிழமையைச் சரியாகப் பிடித்தால். ஞாயிறு வந்து புதன் கிளம்புங்கள். அதே அறை வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு மூன்று மடங்கு விலை ஏறும். ஜனவரியில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி நடக்கும் வாரத்தையும், நவம்பரில் ஃபார்முலா 1 பந்தய வாரத்தையும் தொடவே வேண்டாம்.

அடுத்து ரிசார்ட் ஃபீ. வாடகை போக, அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டல் தனியாக வாங்கும் கட்டணம். பெரிய கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் சாலையான ஸ்ட்ரிப்பில் பல இடங்களில் 40 டாலருக்கு மேல். 2025 மே மாதத்திலிருந்து இதை விலையோடு சேர்த்தே காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. ஆனால் வரி அதற்கும் மேலே வரலாம், ஆகவே பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை வைத்து மட்டும் ஹோட்டல்களை ஒப்பிடுங்கள். இது அறைக்குத்தான், தலைக்கு இல்லை என்பதால் மூன்று பேர் ஓர் அறையில் தங்கினால் உங்களுக்கு லாபம். இரண்டு பேருக்கு மேல் தங்கினால் கூடுதல் கட்டணம் உண்டா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சில ஹோட்டல்களில் உண்டு.

செக்-இன் செய்யும்போது டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். முன்பணமாக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், விடுபடச் சில நாள் ஆகும்.

ரூம் ஃப்ரிட்ஜ்ல கேக் வைக்கலாமா?

இதைக் கேட்டதற்கு நன்றி, நிறைய பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். பெரிய ஹோட்டல்களில் அது மினிபார். உள்ளே இருக்கும் பாட்டில், சாக்லேட் எல்லாம் சென்சார் வைத்த தட்டின் மேல் நிற்கும். கேக்குக்கு இடம் பண்ண நான்கு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தால், நீங்கள் குடித்ததாகக் கணக்கில் ஏறிவிடும். சில இடங்களில் உங்கள் பொருளை உள்ளே வைப்பதற்கே கட்டணம். வரவேற்பில் காலி ஃப்ரிட்ஜ் கேளுங்கள், அதற்கு வாடகை உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கேக் வாங்கினால் போதும்.

பிறந்தநாள்காரனுக்கு அன்னைக்குத்தான் 21 முடியுது. முந்தின நாளே வந்துடுறோம். உள்ளே விடுவாங்களா?

கேசினோ தளத்தின் வழியாக நடந்து போகலாம், நிற்கக் கூடாது. நீங்கள் ஆட, அவர் பின்னால் நின்று பார்ப்பதும் கூடாது. 21 ஆகாதவர் ஆடி ஜெயித்தால் அந்தப் பணம் அவருக்குக் கிடைக்காது. நள்ளிரவு தாண்டட்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தை நம்பாமல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கட்டும்.

மிராஜ் எரிமலை எத்தனை மணிக்கு?

இப்போது இல்லை. அந்தச் செயற்கை எரிமலையை வாசலில் வைத்திருந்த மிராஜ் ஹோட்டல் 2024 ஜூலையில் மூடப்பட்டது.

ரூலெட்ல சிவப்புல 15 டாலர். தோத்தா 30, அப்புறம் 60. டபுள் பண்ணிட்டே போனா எப்படியும் ஒரு தடவை சிவப்பு விழும். என் மச்சான் இப்படித்தான் ரூம் வாடகையையே எடுத்தார். பட்ஜெட் பசங்களுக்கு இதை நீங்க ஏன் சொல்லல?

தெரிந்தேதான் சொல்லவில்லை. ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம்; சிவப்பில் வைத்து சிவப்பு விழுந்தால் வைத்த அளவே லாபம். 15, 30, 60, 120, 240, 480. ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 945 டாலர் போயிருக்கும். ஏழாவது முறை 960 வைத்து ஜெயித்தாலும் லாபம் அதே 15 டாலர்தான்.

அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள்: 18 சிவப்பு, 18 கறுப்பு, 2 பச்சை. ஆறு முறை தொடர்ந்து சிவப்பு விழாமல் போவது சுமார் 47-இல் ஒரு முறை நடக்கும். 46 முறை பதினைந்து பதினைந்தாகச் சேர்த்தால் 690. அந்த ஒரு முறையில் 945 போய்விடும். உங்கள் மச்சான் அந்த 46-இல் ஒருவர்.

அவர் அஞ்சு தடவை கறுப்பு வர்ற வரைக்கும் காத்திருந்துதான் ஆரம்பிப்பார். அப்போ சிவப்பு வந்துதானே ஆகணும்?

வர வேண்டிய கட்டாயமே இல்லை. முன்னால் என்ன விழுந்தது என்று பந்துக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக்கு 38-இல் 18தான். முந்தைய எண்களைக் காட்டும் பலகையை அங்கே மாட்டியிருப்பது கேசினோ. உங்களுக்கு உதவுகிற தகவலாக இருந்தால் மாட்டுவார்களா?

நானும் மச்சான் கட்சிதான். கையில பெரிய தொகை இருந்தா தோற்கவே முடியாது.

ஒவ்வொரு மேசையிலும் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் எழுதிய அட்டை இருக்கும். அதிகபட்சத்தைத் தொட்டபின் டபுள் பண்ண விடமாட்டார்கள். இன்னொன்று: ஸ்ட்ரிப்பில் இப்போது பல சக்கரங்களில் பச்சை மூன்று. நீங்கள் வைக்கும் பணத்தில் சராசரியாகக் கேசினோவுக்குப் போகும் பங்கு இரண்டு பச்சைக்கு 5.26 சதவீதம், அங்கே 7.69. உட்காரும் முன் பச்சையை எண்ணுங்கள்.

ஆடித்தான் பார்க்க வேண்டும் என்றால், 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டிய சீட்டாட்டமான பிளாக்ஜாக் மேசையின் துணியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 3-க்கு 2 என்றால், பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழும்போது 10 டாலருக்கு 15 கிடைக்கும். 6-க்கு 5 என்றால் 12தான். குறைந்த தொகை மேசைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆளுக்கு 40 டாலர் ரொக்கம் எடுத்துக்கொண்டு, கார்டுகளை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு இறங்குங்கள். நடுராத்திரி கேசினோ ஏடிஎம் முன்னால் வரிசையில் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த வரிசையில் உங்களைப் பார்க்க விருப்பமில்லை.

ரிசார்ட் ஃபீன்னா என்ன?

முதல் பதில்.

ஆடினா மது இலவசமாமே?

ஆடிக்கொண்டிருக்கும்வரை இலவசம். பரிமாறுகிறவருக்கு ஒரு கோப்பைக்கு ஒன்றிரண்டு டாலர் டிப் வையுங்கள். இலவசக் கோப்பைக்காக மேசையிலேயே உட்கார்ந்திருந்தால் அதைவிட அதிகம் இழப்பீர்கள். கார்டு பெட்டகத்தில்தானே?

இங்க கஞ்சா சட்டப்படி சரிதானே? நாங்க எல்லாரும் எச்1பி.

நெவாடா மாநிலச் சட்டப்படி 2017 முதல் 21 வயதானவர்களுக்குச் சரி. மத்திய அரசின் சட்டப்படி இன்னும் குற்றம். உங்கள் விசா மத்திய அரசின் கையில். பயன்படுத்தினேன் என்று நீங்களே ஒப்புக்கொள்வதுகூட நுழைவு அனுமதிக்குச் சிக்கலாகலாம். தொடாதீர்கள் தம்பி. மேற்கொண்டு விசா சந்தேகங்களைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

ஜூலையில் வருகிறோம், நான்கு தோழிகள். செலவில்லாமல் என்ன பார்க்கலாம்?

பகலில் வெளியே வேண்டாம். 2024 ஜூலையில் 48.9 டிகிரி செல்சியஸ் வரை போன ஊர் இது. பகலில் பெலாஜியோ ஹோட்டலின் உள்ளே இருக்கும் மலர்க்கூடம், இரவில் அதன் வாசல் நீரூற்று, பிறகு பழைய டவுன்டவுனில் ஃப்ரீமான்ட் தெருவின் கூரை ஒளிக்காட்சி. மூன்றும் இலவசம். டவுன்டவுனுக்கு டூஸ் பேருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது, ஒரு நாள் பாஸ் எடுங்கள். அடுத்த ஹோட்டல் பக்கத்தில் தெரிகிறதே என்று நடக்க ஆரம்பிக்காதீர்கள், கட்டடங்களின் பிரம்மாண்டம் தூரத்தை மறைத்துவிடும். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று.

அண்ணா, ரூலெட்ல மூணு மடங்கா ஏத்தினா?

இன்னும் சீக்கிரம் தீரும். ரூலெட் கேள்விகளுக்கு இனி பதில் இல்லை, மேலே எல்லாம் இருக்கிறது.

காரில் வந்தால் பார்க்கிங்?

ஸ்ட்ரிப்பில் பல ஹோட்டல்களில் காசு. அறை பதியும்போதே பாருங்கள். எல்லாரும் ஒரே வண்டியில் வாருங்கள்.