போனில் வரும் அரசியல்: சேலத்துக்காரர்கள் கேட்டவை

இணைய விளம்பரம் போட்டுத் தருவது என் தொழில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில் இது.

கேள்வி (ஏற்காடு, காபித் தோட்டம்): மலையில் சிக்னலே ஒழுங்காகக் கிடைக்காது. கிடைக்கிற நேரத்திலும் ஒரே கட்சியின் ரீல்ஸ்தான் வருகிறது. யாராவது காசு கொடுத்து அனுப்புகிறார்களா?

பதில்: காசுக்கு வருவது கொஞ்சம், நீங்களே வரவழைத்தது அதிகம். ஒரு வீடியோவைத் திட்டிக்கொண்டே முழுசாகப் பார்த்தாலும், நீங்கள் பார்த்ததுதான் கணக்கில் ஏறும். எத்தனை நொடி நின்றீர்கள், யாருக்கு அனுப்பினீர்கள் என்பதை வைத்துத்தான் அடுத்தது வருகிறது. காசு கொடுத்த விளம்பரம் என்றால் அந்தக் குறிப்பு கூடவே இருக்கும். பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகம் (Ad Library) என்ற இணையதளத்தில் கட்சிப் பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு, எந்த மாநிலத்தில், எந்த வயதுக்காரர்கள் பார்த்தார்கள் என்று தோராயமாக வரும்.

சரி, இதனால் ஓட்டே மாறிவிடுமா? அமெரிக்காவில் 2020 தேர்தலின்போது சிலருக்கு மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைப் பொறுக்கிக் காட்டாமல் நேர வரிசையில் காட்டினார்கள். மூன்று மாதம் கழித்தும் அவர்களுடைய அரசியல் கருத்து குறிப்பிடும்படி மாறவில்லை. என் தொழிலுக்குக் கொஞ்சம் மானக்கேடான முடிவுதான்! ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது என்பது என் எண்ணம். தெருவில் தண்ணீர் வராததை விட்டுவிட்டு, டெல்லியில் யாரோ பேசியதற்கு டீக்கடையில் மல்லுக்கட்டுகிறோம்.

கேள்வி (கொண்டலாம்பட்டி, தறி): கலைஞர் 2018-லேயே இறந்துவிட்டார். 2024 ஜனவரியில் அவர் பேசுகிற வீடியோ எப்படிங்க வந்தது?

பதில்: செயற்கை நுண்ணறிவில் (ஏஐ) செய்ததுங்க. அடுத்த மாதமே ஜெயலலிதா குரலும் வந்தது. பழைய மேடைப் பேச்சுகளைக் கொடுத்துப் பழக்கினால், எழுதித் தருவதை அதே குரல் பேசும். கட்சிகளே வெளியிட்டதால் அதில் ஏமாற்று இல்லை. எனக்குப் பயம் முகமே இல்லாத ஆடியோவில்தான். ஸ்லோவாக்கியாவில் 2023 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு கட்சித் தலைவர் தேர்தல் தில்லுமுல்லு பற்றிப் பேசுவதுபோல ஒரு போலி ஆடியோ சுற்றியது. பிரசாரம் ஓய்ந்த நேரம், மறுப்பு எடுபடுவதே சிரமம். உதட்டசைவு பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கவும் வழி இல்லை.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை): 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வீடியோ பரவி, பட்டறைப் பையன்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அதுவும் ஏஐ வேலையா?

பதில்: இல்லை. சம்பந்தமே இல்லாத சண்டைக் காட்சிகளுக்குப் புதுத் தலைப்பு வைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கு ஏஐ எதற்கு? ட்விட்டரில் உண்மையைவிடப் பொய்ச் செய்தி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று 2018-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அதற்குக் காரணமும் போலி இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான்.

கேள்வி (அம்மாபேட்டை): என் மாமனார் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கண்டதையும் போடுகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: குரூப்பில் சொல்லாதீர்கள். பேரப்பிள்ளைகள் முன்னால் மானம் போனால் இன்னும் நாலு போடுவார். தனியாக இருக்கும்போது, பலர் பகிர்ந்த செய்தியின் மேலே வரும் இரட்டை அம்புக்குறியைக் காட்டுங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம்.

கேள்வி (ஆத்தூர், முதல் ஓட்டு): யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. நீ கேட்கிற தோரணைக்குத் தகுந்தபடி பதிலும் சாயும். இல்லாத திட்டத்தைக்கூட இருப்பதாகச் சொல்லிவிடும். வேட்பாளர் தன் சொத்து, வழக்கு விவரங்களைப் படிவம் 26-ல் கையெழுத்துப் போட்டுத் தந்திருப்பார், தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கிறது. முதலில் அதைப் படி. அப்புறம் புரியாத வரி ஏதாவது இருந்தால் சாட்ஜிபிடியிடம் கேள்.