வடிகால் கட்டியாயிற்று, தண்ணீர் ஏன் போகவில்லை?

கேள்வி: சென்னை மடிப்பாக்கம் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. தெருமுனையில் அடுத்த வடிகாலோடு சேர்க்காமல் அப்படியே நிற்கிறது. மழை பெய்தால் முன்பைவிட அதிக நேரம் தண்ணீர் தேங்குகிறது. புகார் கொடுத்தால் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டுகிறது. யாரிடம் எதைக் கேட்பது?

பதில்: முதலில் புகாரின் வாசகத்தை மாற்றுங்கள். ‘தண்ணீர் தேங்கியிருக்கிறது’ என்று மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913-இல் பதிந்தால், இறைத்து முடித்ததும் அந்தப் புகாரும் முடிந்துவிடும். கணக்குப்படி அதில் தவறு இல்லை. ‘இந்தத் தெரு வடிகால், இந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, சுமார் இத்தனை மீட்டர் இணைக்கப்படாமல் நிற்கிறது’ என்று எழுதுங்கள். அதை மோட்டாரால் முடிக்க முடியாது, பொறியாளர்தான் பதில் சொல்லியாக வேண்டும். அதே வாசகத்தைக் கடிதமாக மண்டல அலுவலருக்கும் செயற்பொறியாளருக்கும் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிப் பாதியில் நிற்கும் வடிகால்களுக்குப் பெரும்பாலும் ஒருவருடைய அலட்சியம் மட்டும் காரணமல்ல. பணி பல கைகளுக்குப் பிரிந்து போகிறது. வடிகால் மாநகராட்சியுடையது. அதன் பக்கத்தில் ஓடும் கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் 1978-இல் அமைந்த மெட்ரோ வாட்டர் வாரியத்துடையவை. கேபிள் மின்வாரியத்துடையது. தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் ஆறு நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பன்னிரண்டாவது அட்டவணை, குடிநீர் வழங்கலையும் நகராட்சிகளுக்குத் தரக்கூடிய 18 பொறுப்புகளில் ஒன்றாகச் சொல்கிறது. சென்னையில் அது மாநில அரசின் வாரியத்திடமே இருக்கிறது. அதனால் உங்கள் கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாரியப் பொறியாளருக்கு அவரால் உத்தரவு போட முடியாது, கேட்கத்தான் முடியும்.

நிதியும் பிரிந்தே வருகிறது. வடக்கே கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், தெற்கே கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன், மற்றவற்றுக்கு மாநில நிதியோ மாநகராட்சியின் சொந்த நிதியோ. உங்கள் தெரு ஒரு ஒப்பந்தத் தொகுப்பிலும் அடுத்த தெரு இன்னொரு தொகுப்பிலும் இருந்தால், நடுவில் உள்ள பத்து மீட்டர் எந்த ஒப்பந்ததாரரின் பணி ஆணையிலும் இல்லாமல் போகலாம். குழாயோ கேபிளோ குறுக்கே வந்தால், அதை நகர்த்த மாநகராட்சி அந்தத் துறைக்கு முதலில் டெபாசிட் கட்ட வேண்டும். மதிப்பீட்டில் அந்தத் தொகை சேர்க்கப்படவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் பகுதியை முடித்து, பில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இணைப்பு இல்லாதது மட்டும்தான் குறையா என்பதையும் பார்த்துவிடுங்கள். சென்னை தட்டையான ஊர், வடிகாலுக்கு வாட்டம், அதாவது சரிவு, மிகக் குறைவாகத்தான் கொடுக்க முடியும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டத்தில் 300 மீட்டர் தெருவுக்கு மொத்த இறக்கமே 30 சென்டிமீட்டர்தான். ஓர் இடத்தில் வடிகாலின் அடித்தளம் 5 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டால், தண்ணீர் வரும் பக்கத்தில் 50 மீட்டருக்கு அது வடியாமல் நிற்கும். இணைத்த பிறகும் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவல் போதும். மழை இல்லாத நாளில், மாநகராட்சிப் பணியாளர் மூடியைத் திறக்கும்போது, மூடி விளிம்பிலிருந்து அடித்தளம் வரை எத்தனை சென்டிமீட்டர், வண்டலின் மேல்மட்டம் வரை எத்தனை என்று நீளமான கம்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விளிம்புகளின் உயர வித்தியாசத்தை டியூப் லெவல் காட்டிவிடும். நான்கைந்து மூடிகளில் அளந்தால் ஒரு கோட்டுப் படமே வந்துவிடும். நீங்களாக மூடியைத் திறக்காதீர்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மழைநீர் வடிகாலிலும் விஷவாயு இருக்கும், ஏனென்றால் பல தெருக்களில் கழிவுநீரும் அதில்தான் வருகிறது. மழை பெய்து பல நாளான பிறகும் வடிகாலில் கருப்புத் தண்ணீர் ஓடினால் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அது தனிப் புகார். இணைப்புப் புகாரோடு சேர்த்து எழுதினால் இரண்டு துறைகளும் ஒன்றை ஒன்று காரணம் காட்டும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. ‘ஏன் இணைக்கவில்லை?’ என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்: மதிப்பீடு, அடித்தள மட்டங்களைக் காட்டும் நீள்வெட்டு வரைபடம், பணி ஆணை, முடித்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் குறை தெரிந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் தேதி, குழாய் அல்லது கேபிளை நகர்த்தக் கேட்டுப் பிற துறைகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் போதும். பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ‘எங்களுடையது இல்லை’ என்று திருப்பி அனுப்ப வழியில்லை. பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். உங்களைப் போல அலைக்கழிக்கப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு பிரிவு பெரிய உதவி. பிரிவு 2(ஜே) பணியை நேரில் பார்வையிடவும் உரிமை தருகிறது.

குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இன்னும் முடியவில்லை, தவறு மட்டத்தில்தான் என்று வரைபடமும் உங்கள் அளவும் காட்டினால், ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எனவே அந்தத் தேதியைத்தான் முதலில் தேடுங்கள்.

ஆவணங்கள் கையில் வந்ததும் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: மாநகராட்சி, மெட்ரோ வாட்டர், மின்வாரிய உதவிப் பொறியாளர்கள் ஒரே நாளில் தெருமுனைக்கு வந்து கூட்டாய்வு செய்ய வேண்டும். ஆய்வு முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதைப் பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். கவுன்சிலர் அதை மண்டலக் குழுவில் எழுப்பட்டும். வாய்மொழி உறுதியை நம்பி வீடு திரும்ப வேண்டாம்.

காலமும் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. பிறகு ஒப்புதல், டெண்டர், பணி ஆணை எல்லாம் முடிந்து தோண்ட ஆரம்பிக்கும்போது ஜூலையைத் தாண்டிவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் பள்ளம் மூடப்படும். வடிகால்கள் பாதியில் நிற்பதற்கு இந்த நாட்காட்டியும் ஒரு காரணம். ஆகவே நவம்பர், டிசம்பரில், தண்ணீர் நிற்கும்போதே படங்கள் எடுங்கள்: மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் ஒன்று, மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று. ஜனவரிக்குள் கடிதம் போய்ச் சேரட்டும். செப்டம்பரில் எழுதினால் இந்த ஆண்டும் மோட்டார்தான் வரும்.

இணைப்பு வேலை நடக்கும் நாளில் ஒருவர் அருகில் இருங்கள். வேலை செய்யும்போது தண்ணீர் வராமல் இருக்க, பழைய வடிகாலின் வாயைச் செங்கல் சுவராலோ மணல் மூட்டையாலோ அடைப்பார்கள். வேலை முடிந்து சிலாப் மூடும்போது அதை எடுக்க மறந்துவிடுவதுண்டு. மூடுவதற்கு முன் அந்த அடைப்பு உடைக்கப்பட்டதைப் படம் எடுத்து, மேல்முனையில் ஒரு டேங்கர் தண்ணீர் விட்டு, அது கீழ்முனையில் வந்து சேர்கிறதா என்று பொறியாளரோடு பார்த்த பிறகே சாலையைப் போடச் சொல்லுங்கள்.