கோவில்பட்டி நெருஞ்சியும் கொலராடோ சைக்கிளும்

அன்புள்ள சார்,

கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஊரில் பியர் காய்ச்சும் ப்ரூவரி ப்ரூவரியாகச் சைக்கிளில் சுற்றியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. டயரைப் பஞ்சராக்கும் ‘ஆட்டுத்தலை முள்’ என்று ஏதோ அமெரிக்க அதிசயம் போல எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் எங்கள் கரிசல்காட்டு நெருஞ்சி மாதிரி இருக்கிறது. அடுத்தது, குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதை இவ்வளவு ரசித்து எழுத வேண்டுமா? என் மகள் இந்த ஆகஸ்டில் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிறாள். சைக்கிள் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். உங்கள் கட்டுரைக்குப் பிறகு பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

முதல் குற்றத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மாதிரி என்ன மாதிரி, அது நெருஞ்சியேதான். நாட்டு மருந்துக்கடையில் நீர்க்கடுப்புக்குக் கொடுப்பார்களே, அந்தச் சிறுநெருஞ்சி. (யானை நெருஞ்சி வேறு, அதன் குடும்பமே வேறு.) மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கொண்டுபோன ஆடுகளின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் கொம்பு மாதிரி இரண்டு பெரிய முள். அதைப் பார்த்துத்தான் ஆட்டுத்தலை என்று பெயர் வைத்தார்கள். குத்துவது முள் என்றாலும் அது இருப்பது காயில். வள்ளுவர் ‘நெருஞ்சிப் பழம்’ என்றே சொல்லியிருக்கிறார், தாவரவியல்காரர்களும் குறை சொல்ல முடியாது.

எனக்கே அது பிடிபட ஒரு வருஷம் ஆனது. சின்ன வயதில் உள்ளங்காலால் அறிந்த செடி, டயர் வழியாக வந்தபோது அடையாளம் தெரியவில்லை. ஒரு செப்டம்பர் சனிக்கிழமை, பூடர் ஆற்றோரப் பாதையிலிருந்து லிண்டன் தெருவுக்குக் குறுக்குவழி என்று ஒரு காலி மனைக்குள் சைக்கிளை இறக்கினேன். நாற்பதடிதான் இருக்கும். சிமென்ட் தரையில் மறுபடி ஏறியதும் முன்சக்கரம் டிக், டிக் என்றது. நிறுத்திப் பார்த்தால் அந்த ஒரு டயரிலேயே பதினொரு முள். அவசரப்பட்டு ஒன்றைப் பிடுங்கினேன். புஸ்ஸென்று காற்று இறங்கியது. எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர், “பிடுங்காதீங்க, பிடுங்காதீங்க” என்று கையை ஆட்டிக்கொண்டே இறங்கி வந்தார். ஓட்டையைக் குத்திய முள்ளே அடைத்துக்கொண்டும் இருக்கும். வீடு போய்ச் சேரும்வரை அதைத் தொடக் கூடாது என்பது அங்கே பால பாடம்.

இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்து டியூபை உருவினோம். அமுக்கிப் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி இல்லை. அவர் டியூபைக் கன்னத்தருகே மெல்ல நகர்த்தி, காற்று படும் இடத்தைக் கண்டுபிடித்தார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டி முடித்தோம். கடைசியில் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்நுனி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். நறுக்கென்று ஏறியது. அந்த வலியில்தான் “அட, நெருஞ்சி!” என்று தமிழில் கத்தினேன். பெரியவருக்கு அது ஏதோ கெட்ட வார்த்தையாகப் பட்டிருக்கும். சிரித்தார்.

அவரும் நானும் அதற்குப் பிறகு போய் உட்கார்ந்த இடம்தான் உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டு. 1896 முதல் 1969 வரை மதுக்கடையே இல்லாத ஊர் அது. 1989இல் ஓடெல், 1991இல் நியூ பெல்ஜியம் என்று ப்ரூவரிகள் வந்தன. நியூ பெல்ஜியத்தின் பேர்போன பியருக்கு ‘ஃபேட் டயர்’ என்று பெயர். அதன் நிறுவனர் தடித்த டயர் போட்ட சைக்கிளில் பெல்ஜியம் சுற்றிய ஞாபகம் அது. ஒரு வருஷம் வேலை பார்த்த ஊழியருக்கு ஒரு சைக்கிள் கொடுப்பதும் அங்கே வழக்கம். (2019இல் அந்த நிறுவனமே ஜப்பானின் கிரின் குழுமத்துக்குக் கைமாறியது. எனக்கு இன்னும் அதில் மனத்தாங்கல் உண்டு.) புல்தரையில் கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருப்பார்கள், நாயோடு வந்தவர்கள் இருப்பார்கள். ருசி பார்க்கக் கொடுக்கும் கிளாஸ் நம் டீக்கடை கிளாஸ் அளவுதான். நம்மூரில் வாங்கினவன் சுவரைப் பார்த்து நின்று ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு ஓடுகிறான். அங்கே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பஞ்சர் கதை பேசுகிறார்கள். நான் ரசித்தது அந்த அரைமணி நேரத்தை.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கொலராடோ சட்டப்படி சைக்கிளும் வாகனம்தான், குடித்து ஓட்டிய வழக்கு சைக்கிள்காரர் மேலும் பாயும். அதை எழுதவில்லை. ஒருநாள் மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு எனக்கே சரிப்படாமல் மூன்று மைல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். முதல் பிரதியில் அது இருந்தது. சுவாரஸ்யம் குறைகிறது என்று வெட்டினேன். தப்புத்தான்.

பாப்பா தாராளமாகச் சைக்கிள் வாங்கட்டும். அங்கே ஸ்பிரிங் கிரீக் சைக்கிள் பாதை பல இடங்களில் பெரிய ரோடுகளுக்கு அடியில் நுழைந்து போகும், கார்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தடித்த டியூப் போடச் சொல்லுங்கள், உள்ளே ஓட்டையடைக்கும் பச்சைத் திரவமும் ஊற்றிவிடட்டும். அவள் போய் இறங்குவதே நெருஞ்சி முற்றும் மாதத்தில், அதனால் காலி மனைக் குறுக்குவழி கூடவே கூடாது. வாசலில் மஞ்சள் பூவோடு படர்ந்திருந்தால், காய் பிடிக்கும் முன் நடுவில் ஆணிவேரைப் பிடித்து இழுத்தால் போதும், பாயைச் சுருட்டின மாதிரி மொத்தமும் வந்துவிடும்.

இதை ஒடுக்க 1961இல் இரண்டு வகைக் கூன்வண்டுகளை அமெரிக்காவில் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் தாயகங்களில் இந்தியாவும் ஒன்று. கலிபோர்னியா பக்கம் நன்றாகவே வேலை பார்க்கின்றன. கொலராடோ பனிக்காலத்தைத்தான் பாவம், தாங்க முடிவதில்லை. ஆகவே சைக்கிளுக்கு முன்னால் நல்ல குளிர்கோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.