விலங்குப் பாட்டுப் புத்தகமா? முதலில் அணில் பக்கத்தைத் திருப்புங்கள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. விலங்குகளை அறிமுகப்படுத்த, பாட்டும் படமுமாக இருக்கும் புத்தகங்கள் வாங்க நினைக்கிறேன். கடையில் 40 ரூபாயிலும் இருக்கிறது, 400 ரூபாயிலும் இருக்கிறது. அட்டையைப் பார்த்தால் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, திருப்பூர்

பதில்: அட்டையை விடுங்கள். உள்ளே அணில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டு மதிலில் ஓடும் அணிலுக்கு முதுகில் மூன்று வெளிர் கோடுகள் உண்டு. மலிவுப் புத்தகங்கள் பலவற்றில் இருப்பது அந்த அணில் இல்லை. செம்பழுப்பு நிறத்தில், புசுபுசுவென்ற வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஐரோப்பிய அணில். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டு, கீழே நாலு வரி சேர்த்து அச்சடித்தால் இப்படித்தான் வரும். அடுத்து காகம். நம் வீட்டுக் காகத்துக்கு அலகு கருப்பு, கழுத்து சாம்பல் நிறம். படத்தில் அலகு மஞ்சளாக இருக்கிறதா பாருங்கள். பிறகு காளை. கருப்பு வெள்ளைச் சீமை மாடு நம் ஊரிலும் இருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் ‘ஜல்லிக்கட்டுக் காளை’ என்று எழுதிவிட்டுத் திமிலே இல்லாமல் வரைந்திருந்தால் அந்தப் புத்தகத்தை அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள்.

குழந்தை தினமும் பார்க்கிற மூன்று உயிர்களையே கவனிக்காதவர்கள், அது பார்த்தே இராத காண்டாமிருகத்தைச் சரியாகக் காட்டியிருப்பார்கள் என்று நான் நம்பமாட்டேன். பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிக்கட்டிமேல் நிற்கும் படத்தையும் இந்தப் புத்தகங்களில் பார்க்கலாம். பனிக்கரடி வாழ்வது வடதுருவப் பகுதியில், பென்குவின் இருப்பது தெற்கே. இரண்டும் சந்திக்க வழியே இல்லை. இந்த வயதில் குழந்தை படத்தைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடி அணிலைத் தேடும், அணிலைப் பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறக்கும். இரண்டும் பொருந்தும்போது அதன் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

படம் தேறிவிட்டால் ஒரு பாட்டைக் கடையிலேயே வாய்விட்டுப் படியுங்கள், கூச்சப்பட வேண்டாம். நாக்கு இடறினால் வீட்டில் நீங்களே இரண்டாம் முறை படிக்கமாட்டீர்கள். ஆங்கிலப் பாட்டை வரிக்கு வரி தமிழாக்கிய புத்தகங்களில் இந்தச் சிக்கல் அதிகம்: பொருள் இருக்கும், சந்தம் இருக்காது. சந்தத்துக்காகப் பொருளைக் கைவிடுபவர்களும் உண்டு. ‘ஒட்டகத் திமிலில் தண்ணீராம், ஊருக்கெல்லாம் பன்னீராம்’ என்ற மாதிரி எழுதினால் காதுக்கு இனிக்கும்தான். ஆனால் திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. பாட்டாகக் கேட்டது எளிதில் மறக்காது என்பதால் தவறும் அப்படியே நின்றுவிடும்.

பொருளும் ஓசையும் சேர்ந்து வர வேண்டும் என்றால் எப்படி? சும்மா ஒரு மாதிரிக்கு:

முதுகில் மூன்று கோடு உண்டு
முருங்கை மரத்தில் வீடு உண்டு
கொட்டை, பழம் கொறிப்பதற்குக்
கூரான பல்லும் உண்டு

நாலு வரியில் உருவம், இருப்பிடம், உணவு மூன்றும் வந்துவிட்டன. இரண்டாம் வரியில் ‘வீடு’ என்று சொல்லி நீங்கள் நிறுத்தினால், ‘உண்டு’ என்று குழந்தையே முடிக்கும். அப்படி முடிக்க இடம் தருகிற பாட்டுதான் நல்ல பாட்டு. ‘யானை நல்ல யானையாம், அழகான யானையாம்’ என்று பக்கத்தை நிரப்பியிருந்தால் அதில் யானையைப் பற்றி ஒன்றுமே இல்லை.

தாளைப் பொறுத்தவரை, இரண்டரை வயதுக்குக் கெட்டி அட்டைப் பக்கங்கள் நல்லது. முனைகள் வளைவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். பின் அடித்த புத்தகம் என்றால் பின் நடுவில் தளர்ந்து நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

விலை அதிகம் என்பதாலேயே நல்ல புத்தகம் ஆகிவிடாது. 1957-ல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், குறைந்த விலையில் தமிழிலும் சிறுவர் நூல்கள் போடுகிறது. சென்னையிலிருந்து வரும் தூலிகாவில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் உண்டு. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே படிக்கலாம். குழந்தைக்கு எந்த விலங்கு பிடிக்கிறது என்று அங்கே பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 சதவீதம் கழிவு கிடைக்கும். ஒன்று கவனியுங்கள்: குழந்தைகளின் படப் புத்தகங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் தனியாக வரி போட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘பெரிய சைஸ் விலங்குப் பாடல்கள், 10 புத்தகம்’ என்று பார்த்து ஆர்டர் போட்டேன். வந்தவை உள்ளங்கை அளவுதான், இரண்டில் ஒரே பாட்டுகள். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். காசு போனது போனதுதானா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால், திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று எழுதி வைத்தால் மட்டும் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். வந்த புத்தகத்தை ஒரு ஸ்கேலோடு வைத்துப் போட்டோ எடுங்கள். இரண்டையும் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. சிறிய தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பட்டனை அமுக்கினால் சிங்கம் கர்ஜிக்கும் புத்தகம் ஒன்றை ஒன்றரை வயதுப் பேரனுக்கு வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் பின்புறம் திருப்பி பேட்டரி மூடியைப் பாருங்கள். ஸ்குரூ போட்டு மூடியிருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் வாங்கவே வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் ஏற்படும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இதைப் புத்தகம் என்று சொல்லி விற்றாலும் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். சிங்கத்தின் குரலை நீங்களே போட்டுக் காட்டினால் பேரன் இன்னொரு முறை கேட்பான்.