‘கோ’ ஏன் ‘வென்ட்’ ஆகிறது?

ஆங்கிலத்தில் ‘வாக்’ என்பது இறந்தகாலத்தில் ‘வாக்ட்’ ஆகும்போது ‘கோ’ மட்டும் ஏன் ‘வென்ட்’ ஆகிறது, இத்தகைய வினைகளை எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் மொழியிலும் ‘எடு’ ‘எடுத்தான்’ ஆக, அதேபோல் ஒலிக்கும் ‘நடு’ ‘நட்டான்’ ஆகிறது. அட்டவணை எதுவுமின்றி நம் காது அதைக் கற்றுக்கொண்டது. ‘சிங்–சேங்’, ‘டிரிங்க்–டிரேங்க்’, ‘ஸ்விம்–ஸ்வேம்’ ஆகியவை, உள்ளிருக்கும் உயிரொலியை மாற்றியே இறந்தகாலத்தைக் காட்டிய பழைய ஆங்கில வழக்கின் எச்சங்கள். அன்றாடம் வாயில் புழங்கியதால்தான் அவை நிலைத்தன. ‘வென்ட்’ உண்மையில் ‘கோ’விலிருந்து பிறந்ததே அன்று, திரும்புதல், செல்லுதல் என்ற பொருளுடைய வேறொரு பழைய வினையின் இறந்தகால வடிவம் அது. ‘புட்’, ‘கட்’, ‘ஷட்’ மாறுவதேயில்லை.

மேலூரில் மாலை வகுப்பு எடுக்கும் நான் மிகுதியாகத் திருத்துவது ‘ஐ டிடின்ட் வென்ட் டு மாட்டுத்தாவணி’ போன்ற வாக்கியங்களைத்தான். ‘டிடின்ட்’ என்பதே இறந்தகாலத்தைச் சுமந்துவிடுவதால், பின்வரும் வினை ‘கோ’ என்றே நிற்க வேண்டும். தமிழிலும் ‘போனேன்’ என்பதன் எதிர்மறை ‘போகவில்லை’தானே, ‘போனவில்லை’ என்று எவரும் சொல்வதில்லை.

அகர வரிசைப் பட்டியலை ஒப்பிப்பதைவிட, ஒரே ஓசையுள்ள வினைகளைச் சேர்த்துப் படிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. இரவில் அன்று செய்தவற்றை, ‘ஐ டுக் எ பஸ்’, ‘ஐ டிரேங்க் ஜிகர்தண்டா’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அவற்றையே எதிர்மறையாக மாற்றிச் சொல்லுங்கள்.