தேரை பாய்ந்த பிள்ளை

அன்புள்ள ஐயா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வட அமெரிக்காவில் வாழும் இரண்டு மரத்தவளை இனங்களைப் பற்றி அண்மையில் வாசித்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் கலத்தில் 24 நிறமூர்த்தங்கள், மற்றதில் 48. அப்படியானால் 48 உள்ளதுதான் கூர்ப்பில், அதாவது பரிணாமத்தில், மேலே போன தவளையா? மனிதனுக்கே 46 தானே? நிறமூர்த்தம் என்று எழுதுவதா, குரோமோசோம் என்று எழுதுவதா என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் குழம்புகிறார்கள்.

இதைக் கேட்கக் காரணம், போன கிழமை எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குள் ஒரு மரத்தவளை வந்துவிட்டது. தேரை பாய்ந்துவிடும் என்று பிள்ளைகள் பயந்து, உப்பைப் போட்டுக் கொன்றுவிட்டார்கள். அதை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். நீங்கள் ஏன் விஞ்ஞானம் பற்றி அதிகம் எழுதுவதில்லை?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

48 உள்ள தவளை மேலே போகவில்லை. நுவரெலியா உருளைக்கிழங்குக்கும் 48 தான். உங்கள் பாடசாலையைச் சுற்றி நிற்கிற தேயிலைக்கு 30. பெரணி என்கிற பன்னத்தில் ஒரு வகைக்கு ஆயிரத்துக்கும் மேல். எண்ணிக்கையை வைத்து ஏணி கட்டினால் நாம் உருளைக்கிழங்குக்குக் கீழே போய் நிற்க வேண்டிவரும். இதை மட்டும் சொல்லுங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் அவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லலாம். பறித்த கொழுந்தை 26 சாக்கில் கட்டினாலும் 24 சாக்கில் கட்டினாலும் நிறை ஒன்றுதான். இரண்டு சின்னச் சாக்கில் இருந்ததை ஒரு பெரிய சாக்கில் கொட்டிக் கட்டினால் சாக்கு ஒன்று குறையும், கொழுந்து குறையாது. தவளைக் குடும்பங்களுக்கிடையில் 26, 24, 22 என்று நாம் பார்க்கிற வித்தியாசங்கள் பெரும்பாலும் இப்படி ஒட்டியும் சில வேளை பிரிந்தும் வந்தவை. நமக்கும் அதுதான் நடந்தது. சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. நம்முடைய இரண்டாம் நிறமூர்த்தம் முன்னொரு காலத்தில் இரண்டாக இருந்து முனையோடு முனை ஒட்டிக்கொண்டது.

நீங்கள் கேட்ட அமெரிக்கச் சாம்பல் மரத்தவளையின் கதை வேறு. அங்கே சாக்கும் கொழுந்தும் சேர்ந்தே இரட்டித்துவிட்டன. முட்டையும் விந்தும் உண்டாகும்போது நிறமூர்த்தங்கள் பாதியாகப் பிரிய வேண்டும். அப்படிப் பிரியாமல் முழுத் தொகுதியும் போய்ச் சேர்ந்தால், இரண்டு தொகுதி உள்ள இருமடியத்திலிருந்து நான்கு தொகுதி உள்ள நான்மடியம் பிறக்கும். அந்த 48 ஐ 1970 இல்தான் எண்ணிச் சொன்னார்கள். அதற்கு முன்பே, ஒரே மாதிரித் தெரிகிற அந்தத் தவளைகளில் இரண்டு விதக் குரல் இருப்பதைக் காது கண்டுபிடித்துவிட்டது. நுணுக்குக்காட்டி பிறகுதான் வந்தது. நான்மடியத் தவளையின் கலம் பெரியது, குரல் அதிர்வு மெதுவானது. ஆய்வுகூடத்தில் 24 உள்ள தவளையின் முட்டையைச் செயற்கையாக மடங்கு கூட்டி வளர்த்தார்கள். அதன் குரலும் மெதுவாகிவிட்டது. பெண் தவளை இருட்டில் உட்கார்ந்து அந்த வேகத்தைக் கேட்டுத்தான் தன் இனத்து ஆணிடம் போகிறது. தவறி மற்ற இனத்து ஆணோடு போய்ச் சேர்ந்தால் குஞ்சுக்கு 36. அது பிழைத்தாலும் அடுத்த தலைமுறைக்குச் சரியாகப் பிரித்துக் கொடுக்க அதனால் முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்கிறோம். இந்தத் தவளைகள் தம் வாயால்தான் வாழ்கின்றன.

நிறமூர்த்தம் என்றே எழுதுங்கள். பரீட்சைத் தாளில் அதுதான் வரும். நான் ஏன் விஞ்ஞானம் எழுதுவதில்லை என்ற கேள்வியை விடுங்கள்.

சரி, உப்புக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் அது ஒரே ஒரு வரி. பிள்ளைகள் உப்பைப் போட்டுக் கொன்றுவிட்டார்கள், அதை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தவளை தன் தோலாலும் மூச்சு விடுகிறது. அந்தத் தோலில் உப்புப் பட்டால் உடம்பில் இருக்கிற தண்ணீர் வெளியே இழுபடும். அது துடிக்கிற துடிப்பைப் பார்த்திருப்பீர்கள். முப்பது பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அதன் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருந்தவற்றைத்தான் பிறகு கரும்பலகையில் வரைந்து காட்டப் போகிறீர்கள். லயத்துக்குள்ளும் வகுப்புக்குள்ளும் வருகிற நம் மரத்தவளைகளின் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு 26. பெரியது ஐந்து சோடி, சிறியது எட்டுச் சோடி. அந்தப் பதின்மூன்று சோடி ஒழுங்கு ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளாகத் தவளைகளுக்குள் பெரிதாகக் கலையாமல் வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வாசலில் ஒரு கைப்பிடி உப்பில் அது முடிந்தது.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, மகள். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வந்த கிழமைதான் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் தம்பியின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தது. 1972.

1974 இல் எனக்கு எட்டு வயது. மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டம், பத்துக் காம்பரா லயம். அந்த வருசத்துப் பஞ்சத்தை அனுபவித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். கூப்பனுக்குக் கிடைத்த மாவும் அரிசியும் பாதி நாளுக்குக் காணாது. மலையில் வேலை நாளும் குறைந்தது. அம்மாவுக்குக் கொழுந்து நிறை காணாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழுந்த நாட்கள் உண்டு. மரவள்ளிக் கிழங்கு முடிந்ததும் அதன் இலையை அவித்தோம். கான் ஓரத்துக் கீரையைப் பறித்துத் தின்றோம். தம்பியை அம்மா பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்கு ஓடுவாள்.

அவனுக்குக் கை கால் சூம்பிக்கொண்டே வந்தது. வயிறு மட்டும் ஊதியது. பின்பக்கம் சதை வற்றித் தோல் மடிந்து தொங்கியது. அழக்கூடச் சத்தில்லாமல் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்துக் காம்பராக் கிழவிதான் முதலில் சொன்னாள், பிள்ளைக்குத் தேரை பாஞ்சிருக்கு என்று. மெலிந்து வயிறு பெருத்த பிள்ளையைத் தேரையின் உருவத்தோடு சேர்த்துப் பார்க்கிற பழைய நம்பிக்கை அது. பூசாரி வந்து வேப்பிலை அடித்தார். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு சிவப்புத் தண்ணி கொடுத்தார். அவரும் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்கவில்லை.

அன்று இரவு அப்பா டோர்ச் லைட்டை எடுத்தார். மழைக்காலம். இஸ்தோப்புச் சுவரில், விளக்குக்கு வருகிற பூச்சிக்காக, இரண்டு மூன்று மரத்தவளைகள் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய கால், விரல் நுனியில் வட்டத் தட்டு, முதுகில் மணற்கடிகாரம் போல ஒரு கறுப்பு. பீலித் தொட்டிக்கு மேலே தொங்குகிற கொப்பில் சவர்க்கார நுரை மாதிரிக் கூடு கட்டுவதும் அவைதான். அந்த நுரைக்குள்ளிருந்து வாற்பேய்கள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுவதை நானும் பிள்ளைகளும் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். அப்பா ஒவ்வொன்றாகத் தட்டி விழுத்தினார். பீலி நுரையையும் விடவில்லை. உப்பு டின்னைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். வீட்டில் அரிசி இல்லை. உப்பு இருந்தது.

தம்பி அந்த ஐப்பசியில் போய்விட்டான்.

தேரைதான் காரணம் என்று அப்பா சாகும்வரை சொன்னார். அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. முப்பது வருசம் கழித்து, கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, நான் கேட்காமலே சொன்னாள்: "எனக்குப் பால் வத்திப் போச்சுடா." அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் யாரை அடிக்க முடியும்? பங்களாவுக்குப் போய் நிற்க முடியாது. கூப்பன் கடைக்காரனிடம் சண்டை பிடித்தால் அடுத்த கிழமை உள்ளதும் கிடைக்காது. அவருடைய கைக்கு எட்டிய ஒரே எதிரி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சொல் என்ன வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். தேரை பாய்ந்தது என்று சொன்ன உடனே பிள்ளை பட்டினியில் செத்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் தப்பியது, மருந்துக்காரர் தப்பினார், கூப்பன் மாவைக் குறைத்தவர்கள் தப்பினார்கள். லயத்துக்கு லயம் அந்த வருசம் பிள்ளைகள் போனார்கள், எல்லாம் தேரையின் கணக்கில் எழுதப்பட்டது. தேரையால் ஒரு பிள்ளையும் சூம்புவதில்லை, டீச்சர். பாலும் பருப்பும் முட்டையும் இல்லாமல்தான் சூம்புகிறது. அதற்கு உங்கள் பாடப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது, மந்தபோசணை. அது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2016 கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் எடுத்தால் அது 17 சதவீதம்தான்.

உங்கள் வகுப்பில் உப்பைக் கொண்டுவந்த பிள்ளைக்கு அந்தப் பயம் வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்கு அது 1974 இலிருந்தும் வந்திருக்கலாம். கிழவியும் பூசாரியும் என் அப்பாவும் படித்தவர்கள் இல்லை. நீங்கள் படித்தவர். பட்டம் வாங்கி அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள், அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்தப் பிள்ளைகள் எட்டு வயதில் எனக்குக் கிடைக்காத ஒருவரைத் தங்களுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் அந்த நிமிசம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்படி?

நம் மலைத் தவளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அமெரிக்கா வரை போன நீங்கள் பக்கத்தில் பார்க்கவில்லை. சூடோபிலாட்டஸ் என்ற புதர்த்தவளை இனங்கள் எழுபதுக்கு மேல் இந்தத் தீவில் பதிவாகியிருக்கின்றன. அவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே இல்லை, முட்டைக்குள்ளேயே தவளையாகி வெளியே வரும். மூதாதைத் தவளை ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து வந்தது. பிறகு அந்த வழியில் சில திரும்பிப் போய் அங்கேயும் இருக்கின்றன. அதேபோல இந்தியாவிலிருந்து வந்து, சிலர் திரும்பிப் போன நம் ஆட்களின் கதையை இதோடு சேர்த்து எழுத ஆசைதான், இன்றைக்கு வேண்டாம். கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டிய காலத்தில் இந்தப் புதர்த்தவளைகளில் பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் போய்விட்டன. வெட்டியது நம் பாட்டன்மார், வெட்டச் சொன்னது வேறு ஆட்கள். நட்சத்திரப் புள்ளி உள்ள ஒன்றை 1853 இல் கெலார்ட் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அதை யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே பதிந்தார்கள். 2009 இல் சிவனொளிபாத மலைக் காட்டில் அது உயிரோடு இருந்தது. மஸ்கெலியாவில் நாங்கள் தினமும் பார்த்து வளர்ந்த மலை அது.

அடுத்த முறை வகுப்புக்குள் தவளை வந்தால் உப்பு டப்பாவை உங்கள் மேசைக்குள் வைத்துப் பூட்டுங்கள். லைட்டை அணைத்துவிட்டு யன்னலைத் திறந்து விடுங்கள், அதுவாகப் போய்விடும். பிள்ளைகள் கொஞ்சநேரம் பேசாமல் உட்கார்ந்து பார்க்கட்டும். அன்றைக்குப் பாடம் நடக்காவிட்டால் பரவாயில்லை. அது போன பிறகு, காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கையைத் தூக்கச் சொல்லாமல் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கேட்டு எனக்கு எழுதுங்கள். 24, 48 என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, எனக்கு அந்த எண்ணிக்கைதான் வேண்டும்.

அன்புடன்.