ஆஸ்பத்திரி ஊழியர்கள் சம்பளத்துக்காக ஸ்டிரைக் செய்தால் நோயாளிகளின் கதி என்ன? அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டா?

உரிமை உண்டு. நோயாளிக்குச் சிரமமும் உண்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவன் நான்.

2022-இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஊரும் வேண்டாம், எங்கள் மாவட்டத்தில் ஊரைச் சொன்னால் ஆஸ்பத்திரியைச் சொன்ன மாதிரிதான். துப்புரவுக்கு வரும் அக்காக்கள், ஆயாக்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளும் பையன்கள், நான் எல்லோரும் ஒரே காண்டிராக்டரின் ஆட்கள். எனக்கு ஏசி அறை, அவர்களுக்கு மருத்துவக் கழிவு அள்ளும் மஞ்சள் பை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சம்பளம் 9,000 என்று பேச்சு. மாதாமாதம் கைக்கு வந்தது 6,389. கேட்டால் சூப்பர்வைசர் "பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம்" என்பார். (முதலாவது வருங்கால வைப்பு நிதி, இரண்டாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு.) சம்பளச் சீட்டு கிடையாது. நானும் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். கணக்கு எழுதுகிறவன் தன் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கவில்லை என்பது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கேள்வி கேட்டது பிரசவ வார்டில் துடைக்கும் ஓர் அக்கா. அதற்கு முன் பல வருடம் அண்டி ஆபீஸில் இருந்தவர். (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலை. எங்கள் பக்கம் அது அண்டி ஆபீஸ்தான்.) அங்கே சங்கம், போனஸ், கேட் மீட்டிங் எல்லாம் பார்த்துப் பழகியவர். ஒருநாள் கவுண்டருக்கு வந்து, "மக்களே, பி.எஃப். பிடிக்கான்னா எங்க கொண்டு போடுகான்னு பாத்துச் சொல்லு, கேட்டியா" என்றார்.

பி.எஃப். அலுவலக எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கில் கடைசியாகக் கட்டிய தொகை எஸ்எம்எஸ்ஸில் வரும். சலவை அறைக்குப் பின்னால், ஈரப் போர்வைகள் தொங்கும் கொடிகளுக்கு நடுவே நின்று ஒவ்வொருவர் போனாக வாங்கி அடித்தேன். பலருக்கு ஏழு மாதமாக ஒன்றுமே கட்டவில்லை. சிலருக்குக் கணக்கே இல்லை, பதில் வரவில்லை. போனைக் கையில் பிடித்தபடி அது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார்கள்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 9,000-இல் தொழிலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், 1,080. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 68. போக 7,852 வர வேண்டும். வந்தது 6,389. குறைந்தது 1,463. முதலாளி தன் கைக்காசில் கட்ட வேண்டிய பி.எஃப். பங்கும் நிர்வாகச் செலவும் சேர்த்து 13 சதவீதம், 1,170. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 293. கூட்டினால் அதே 1,463! அவருடைய பங்கையும் எங்களிடமே பிடித்திருக்கிறார். பிடித்ததையும் கட்டவில்லை. முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கவே கூடாது என்று பி.எஃப். விதியில் இருக்கிறது.

அந்த ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் என்ன சம்பளம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கேரளத்தில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகள் போராடி, 2018-இல் அங்கே நர்ஸுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 என்று அரசு அறிவித்த கதை எங்கள் வார்டுகளில் அடிக்கடி ஓடும்.

அக்கா மூலம் ஒரு சங்கத்தில் சேர்ந்தோம். சேர்ந்ததும் நிர்வாகம் இரண்டு பதில் சொன்னது. ஒன்று, "நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை, காண்டிராக்டரிடம் கேளுங்கள்." அப்போது அமலில் இருந்த 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, காண்டிராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது ஆஸ்பத்திரி, கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, "இது சேவை, கம்பெனி இல்லை." ஆஸ்பத்திரியும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கத்துத் தோழர் இதை மனப்பாடமாகச் சொல்வார், கொஞ்சம் அதிகமாகவே சொல்வார்.

ஸ்டிரைக் என்றால் காலையில் எழுந்து உட்கார்ந்துவிடுவது என்று நினைக்கிறார்கள். 14 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்தோம். தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு நடக்கும்போது வேலையை நிறுத்தினால் அது சட்டவிரோதமாகிவிடும் என்று சங்கத்தில் எச்சரித்தார்கள். காண்டிராக்டருக்கு அது நன்றாகத் தெரியும், வாய்தா மேல் வாய்தா வாங்கினார். (2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 14 நாள் நோட்டீஸ் எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம்.) பேச்சு முறிந்து, காத்திருக்க வேண்டிய நாட்களும் முடிந்து, ஐப்பசி மழையில் வெளியே வந்தோம்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. ஐசியூ, பிரசவ வார்டு, தியேட்டர், டயாலிசிஸ் நான்குக்கும் முறை வைத்து ஆள் அனுப்பினோம். போனவர்கள் வேலை செய்தார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. அந்த நாள் சம்பளம் அவர்களுக்கும் இல்லை. மற்ற வார்டுகளில் கஷ்டம்தான். உறவினர்களே ஸ்ட்ரெச்சர் தள்ளினார்கள். எக்ஸ்ரேக்குப் போக வேண்டிய ஒரு தாத்தா படியருகே முக்கால் மணி நேரம் கிடந்தார். கேட்டுக்கு வெளியே குடையோடு நின்ற எனக்கு அது தெரிந்தது. எங்களில் ஒரு பையன் பொறுக்காமல் உள்ளே ஓடித் தள்ளிவிட்டு வந்தான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் சாதாரண நாளில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். ஒரு ஷிப்டுக்கு மூன்று வார்டுக்கு ஓர் ஆயா, பன்னிரண்டு மணி நேரம். கையுறையைக் கழுவிக் காயப்போட்டு மறுபடி போடுவார்கள். மருத்துவக் கழிவைக் கையாளுபவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016-ஆம் வருட விதி சொல்கிறது. எங்களில் ஒருவருக்கும் போட்டதில்லை. அதுவும் நோட்டீஸில் இருந்தது, நாலாவது கோரிக்கை.

இரண்டரை நாள். மூன்றாம் நாள் மத்தியானம் நிர்வாகம் இறங்கி வந்தது. முதலாளி பங்குப் பிடித்தம் நின்றது, பி.எஃப். பாக்கியை மூன்று தவணையில் கட்டினார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் எட்டாகவில்லை. அடிப்படைச் சம்பளமும் அதே 9,000தான். அடுத்த மாதம் எல்லோர் போனிலும் 7,852 என்று வந்தது. அக்கா என்னிடம் போனை நீட்டி, இது சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

மார்ச்சில் காண்டிராக்ட் புதுப்பித்தபோது இரண்டு பேரை எடுக்கவில்லை. ஒருவர் அந்த அக்கா. திரும்ப அண்டி ஆபீஸுக்கே போய்விட்டார்.